கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி: இலவச மாத்திரையும் அரை நாள் கூலியும்

வட சென்னையில், காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கடலோரப் பகுதியில் எங்கள் வீடு. எங்கள் தெருக்காரர்கள் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்று சொல்லும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, என் தாயாரின் சர்க்கரை நோய்க்காகவும் இரத்த அழுத்தத்துக்காகவும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட நோயாளிக்கு இங்கே கிடைக்கும் கவனிப்பு, பணம் கொடுத்துப் பார்க்கும் பல கிளினிக்குகளைவிட மேலானது. ஆனால் உள்ளே வர முடிகிறவர்கள் யார், முடியாதவர்கள் யார் என்று கணக்குப் பார்த்தால், நோய் யாரை அதிகம் வாட்டுகிறதோ அவர்களில் பெரும்பாலோர் வாசலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். ஆகவே இந்த மதிப்புரையில் நிலையத்தின் உள்ளே நடப்பதோடு வெளியே நிற்பவர்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லவற்றைச் சொல்கிறேன், ஏனெனில் அவை உண்மையிலேயே நல்லவை. காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கியதும் எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துச் சீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்கென்று தனியாக ஒரு செவிலியர் இருக்கிறார். அவர் ஒவ்வொருவரின் நோட்டையும் பின்னோக்கிப் புரட்டி, போன மாதம் எவ்வளவு இருந்தது, இந்த மாதம் ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்பார். "அம்மா, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறீங்களா?" என்று என் தாயாரை அவர் கேட்டபோதுதான், மாத்திரை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று அம்மா பாதி நாள் போடாமல் இருந்தது எனக்கே தெரியவந்தது. மருந்து கொடுக்கும் சன்னலில் சர்க்கரைக்கான மெட்பார்மினும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் இல்லை என்று திருப்பி அனுப்பிய மாதம் எங்களுக்கு அநேகமாக இல்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி மாநிலமெங்கும் அனுப்பும் ஏற்பாட்டின் பலனை இந்தச் சன்னலில் நேரில் பார்க்கலாம். அங்குள்ள மருந்தாளுநர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை உறையின் மேல் பகல் வேளைக்கு ஒரு வட்டமும் இரவு வேளைக்கு ஒரு பிறையும் பேனாவால் வரைந்து, உறையைக் கையில் கொடுத்த பிறகு அவர்களையே ஒருமுறை திருப்பிச் சொல்ல வைப்பார். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அவர் இதை விடுவதில்லை. வெளி மருந்துக் கடையில் மாதம் சில நூறு ரூபாய் ஆகும் மாத்திரைகளை இலவசமாகத் தருவதோடு, அதைச் சரியாகச் சாப்பிடும் வழியையும் சேர்த்துத் தருகிற இடம் இது.

ஆனால் இந்த நிலையம் யாருக்காக இங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேற்கே 1969-இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த உர, இரசாயனத் தொழிற்சாலைகளும் உள்ளன. வடக்கே அனல் மின் நிலையமும் அதன் சாம்பல் குளங்களும் இருக்கின்றன. கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பை இருக்கிறது. இவற்றுக்கு நடுவே இரவும் பகலும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. சென்னையின் எல்லா வார்டுகளிலும் மக்கள் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. இழுப்பு வந்து நெபுலைசர் வைத்துக்கொள்ளும் குழந்தைகள் எங்கள் நிலையத்தில் மழைக்காலத்தில் மட்டும் வருகிறவர்கள் அல்லர், ஆண்டு முழுவதும் வருகிறார்கள். அந்த நேரத்து மூச்சுத்திணறலை அடக்கும் சால்பியூட்டமால் இங்கே உடனே கிடைக்கிறது. மீண்டும் மீண்டும் இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் எடுக்க வேண்டிய பியூடிசோனைடு போன்ற, மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து எங்கள் நிலையத்தில் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அதனால் அதே குழந்தைகள் அதே பெஞ்சுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கைவசம் இருக்கும் மருந்து அன்றைய இரவைக் கடத்திவிடும், ஆனால் அந்தக் குழந்தையின் பள்ளிக்கூட நாட்களைக் காப்பாற்றாது.

இரவு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்கள் வெறுங்கையால் அதை அள்ளி எடுத்தார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவில் ஓடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் கதவு பூட்டியிருக்கும். ஆபத்து இரவிலும் வரக்கூடிய தொழிற்சாலைப் பகுதிக்கு, ஆபத்தில்லாத குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அதே நேர அட்டவணையை வைத்திருப்பது முறையாக எனக்குப் படவில்லை. எண்ணூரிலிருந்து பெரிய அரசு மருத்துவமனையான ஸ்டான்லி 10 கிலோமீட்டருக்கு மேல். பிராணவாயு உருளையும் நெபுலைசரும் வைத்து இரவில் ஒரு செவிலியராவது இருக்கும் ஏற்பாடு, எல்லா நிலையங்களிலும் முடியாவிட்டாலும், திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் குறிப்பிட்ட சில இடங்களிலாவது வேண்டும்.

அடுத்தது சர்க்கரைப் பரிசோதனை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நிலையத்தின் நல்லெண்ணம் எந்த இடத்தில் மக்களின் வாழ்க்கையோடு பொருந்தாமல் போகிறது என்பது இதில்தான் தெளிவாகத் தெரிகிறது. வெறும் வயிற்றில் ஒருமுறையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் இரத்தம் எடுப்பது வழக்கம். ஆய்வகம் காலை எட்டரைக்கு முன் தயாராவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து துறைமுகத்துக்குப் போய்விடுவார். அந்தக் குளிரில், ஈரத்தில், ஒரு டீயும் பன்னும் இல்லாமல் கூடை தூக்க முடியாது. அவர் ஒருநாள் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிலையத்துக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். "எதாவது சாப்பிட்டீங்களா?" என்று ஆய்வகப் பெண் கேட்க, "டீ குட்ச்சேன்மா, மூணு மணிக்கு" என்று அக்கா சொல்ல, "அப்போ நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கக்கா" என்று பதில் வந்தது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னார். விதிப்படியும் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் நாளைக்கும் இன்றைப் போலவேதான் இருக்கும். அவர் பிறகு பல மாதங்கள் அந்தப் பக்கம் வரவில்லை. காலில் ஆறாத புண் ஒன்று வந்த பிறகுதான் வந்தார்.

இதற்கு மருத்துவத்தில் மாற்று வழி இல்லாமல் இல்லை. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்த வேளையிலும் எடுக்கலாம். கடும் இரத்தசோகை இருப்பவர்களுக்கு அந்த எண் பிசகக்கூடும் என்பதால் அதோடு ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிலையத்தில் அந்தப் பரிசோதனையை மருத்துவர் குறிப்பிட்டு எழுதினால்தான் எடுக்கிறார்கள். விடியற்காலை வேலைக்குப் போகிறவர் என்று சீட்டில் ஒரு குறி இருந்தால், அவரை நாளை வா என்று அனுப்பாமல் அன்றே அந்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம். மீன் விற்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பால் போடுகிறவர்கள், இரவுக் காவலாளிகள் என்று இந்தப் பகுதியில் பாதிப் பேரின் காலை, மருத்துவம் கணக்கில் வைத்திருக்கும் காலை அல்ல.

நேரத்தைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை இதோடு சேர்ந்ததே. டோக்கன் வாங்கி, மருத்துவரைப் பார்த்து, இரண்டு முறை இரத்தம் கொடுத்து, முடிவு வாங்கி, மாத்திரை பெற்று வெளியே வர அரை நாள் போய்விடுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு விடுப்பு விண்ணப்பம், அன்றாடக் கூலிக்காரருக்கு அரை நாள் கூலி. அதையும் முழு நாளாகவே எண்ண வேண்டும், ஏனெனில் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்பவரை எந்த மேஸ்திரியும் வேலைக்குச் சேர்ப்பதில்லை. 50,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோல். அதே இயக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேர வெளிநோயாளர் பிரிவையும் வலியுறுத்தியது. எங்கள் நிலையத்தில் மாலையிலும் மருத்துவர் இருக்கிறார், அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாலையில் ஆய்வகம் இல்லை, சர்க்கரை நோட்டு வைத்திருக்கும் செவிலியரும் இல்லை. ஆகவே மாலையில் வரும் கூலித் தொழிலாளிக்கு காய்ச்சல் மாத்திரை கிடைக்கும், அவருடைய சர்க்கரைக்கும் பிரஷருக்கும் "காலையில் வாங்க" என்ற பதில்தான் கிடைக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசமானபின், எங்கள் பகுதிப் பெண்கள் முன்பைவிட அதிகமாக நிலையத்துக்கு வருவதை என் கண்ணால் பார்க்கிறேன். ஆண்கள், அதிலும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், காத்திருப்போர் பெஞ்சில் அரிதாகவே தென்படுகிறார்கள். அவர்களில் சிலரை முதன்முதலாக ஒரு மருத்துவர் பார்ப்பதே பக்கவாதத்தோடு படுத்த பிறகுதான்.

ஆலோசனை என்ற பெயரில் சொல்லப்படுவதைப் பற்றியும் ஒரு சொல். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டை தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறது, பழமும் காய்கறியும் தாராளமாகச் சாப்பிடச் சொல்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்கிறது. மூன்றும் சரியானவையே. நடைபாதை இல்லாத, கண்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போகும் சாலையில் வயதானவர் எங்கே நடப்பது என்பதை அந்த அட்டை சொல்லவில்லை. விற்காத மீனைக் கருவாடாக்கித்தான் மழைக்கால மாதங்களை ஓட்டும் வீட்டில், உப்பைக் குறை என்றால் குழம்பில் குறைத்துவிட்டுக் கருவாட்டில் அப்படியே சாப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அந்த ஒரு டீஸ்பூனுக்குள் கருவாடும் ஊறுகாயும் அடக்கம் என்று எங்கள் செவிலியர் ஒருமுறை கையால் அளந்து காட்டிச் சொன்னபோது, என் தாயாருக்கு அது உடனே புரிந்தது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீர் மாற்றிவிட்டுச் சமைக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார். அந்த அறிவு அவரோடு நின்றுவிடாமல் சுவரில் இருக்கும் அட்டையில் ஏற வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் நிலை இன்னும் கடினமானது. மணலியிலும் மாதவரத்திலும் கிடங்குகளிலும் கட்டட வேலையிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்து இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு மாலையில் ஒடிசாப் பையன் ஒருவன் பல வாரமாக இருமலோடு வந்திருந்தான். மருத்துவர் அவனை விரட்டவில்லை, ஆதார் எங்கே என்று முதலில் கேட்கவும் இல்லை, பரிசோதித்தார். ஆனால் சளி எப்படி எடுத்துவர வேண்டும், எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை, ஆழமாக இருமி வரும் சளிதான் வேண்டும் என்பதை அவனுக்குப் புரியவைக்க அங்கே ஒருவருமில்லை. கடைசியில் காத்திருந்த ஒரு பெட்டிக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி முடித்தார். ஒரே அறையில் பலர் முறை வைத்துத் தூங்கும் இடத்தில் ஒருவனுக்குக் காசநோய் இருந்தால் மற்றவர்களையும் பார்த்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூட மொழி இல்லாவிட்டால் பரிசோதனை இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. சிகிச்சை குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், அதற்குள் அவன் வேறு வேலைக்கு வேறு ஊர் போய்விடக்கூடும். காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் தரும் தொகை, 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது வங்கிக் கணக்கில்தான் வருகிறது. கணக்குப் புத்தகம் ஊரில் அம்மாவிடம் இருக்கும் பையன் இங்கே என்ன சாப்பிடுவான் என்பதே என் கவலை. ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அச்சிட்ட ஒரு பக்கத் தாளும், அந்த மொழி தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணும் பதிவு மேசையில் இருந்தாலே இந்தக் குறையில் பாதி தீரும்.

வீட்டுக்கு வந்து கொடுக்கும் மருத்துவத்தைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் தேடி வருகின்றன. இதற்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2020-இல் மாநிலம் முழுவதும் எடுக்கப்பட்ட ஆய்வின் இரண்டு எண்கள் போதும். உயர் இரத்த அழுத்தம் இருப்பவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோய் இருப்பவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. மருந்து நிலையத்தில் இருந்தது, மக்களும் அதே தெருவில் இருந்தார்கள், இருந்தும் இந்த நிலை. எங்கள் தெருவில் நடக்க முடியாத இரண்டு முதியவர்கள் இன்று மாத்திரை தவறாமல் போடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் கதவைத் தட்டும் அந்தப் பெண்தான்.

இதே சென்னை இதை முன்பே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வில், நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரைக் காசநோய்க்கான தனி மருத்துவமனையான சானடோரியத்தில் வைத்தும் மற்றவர்களை அவர்களின் நெரிசலான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளியான முடிவு, மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வீட்டிலேயே இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள் என்றது. அவர்களோடு வாழ்ந்த உறவினர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமான அறையும் இல்லாத வீடுகள் அவை. உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறைக்கு அடித்தளமிட்டது அந்த ஆய்வு. ஆகவே ஏழைகள் ஒழுங்காக மருந்து சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்குப் பொறுப்பில்லை என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மருந்து அவர்களின் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். வீடு தேடி வரும் சேவைக்கும் இது பொருந்தும். தன்னார்வலர் பகலில் வருகிறார், வேலைக்குப் போகிறவரின் வீடு பகலில் பூட்டியிருக்கும். மாதத்தில் ஓரிரு மாலைகளை அப்படிப்பட்ட வீடுகளுக்கென்று ஒதுக்கலாம். அதற்கேற்ப அந்தப் பெண்களுக்கு ஊதியமும் உயர வேண்டும். அவர்களும் இதே தெருக்களின் ஏழைப் பெண்கள்தாம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறை பலவீனமானது. காலில் புண்ணோடு வந்த அக்காவுக்கு எங்கள் நிலையத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எந்தக் கட்டடம், எந்த நாள், யாரைப் பார்ப்பது என்பது அதில் இல்லை. முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் நல்லது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க வேண்டும் என்பதையும், அதற்குக் குடும்ப அட்டையும் ஆதாரும் வேண்டும் என்பதையும் நான்தான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். இந்தச் செய்திகளை நிலையத்திலேயே ஒரு தாளில் அச்சிட்டுச் சீட்டோடு பின் குத்திக் கொடுப்பதற்குச் செலவு அதிகம் ஆகாது.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தரை சுத்தமாக இருக்கிறது, குடிநீர் இருக்கிறது. சாய்தளம் இருந்தும் அதன் அடியில் இருசக்கர வாகனங்களை நிறுத்தி அடைத்துவிடுகிறார்கள். கழிப்பறைச் சாவியை ஊழியரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, சர்க்கரை நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் இது பெரிய துன்பம். பெருமழையில் வாசலில் முழங்கால் அளவு நீர் நிற்கும்.

கர்ப்பிணிகளுக்கான கவனிப்பு இங்கே எல்லாவற்றிலும் சிறந்தது. பதிவு எண் வாங்கித் தருவதிலிருந்து, முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு உதவித்தொகைக்கான தாள்களைச் சரிபார்ப்பது வரை கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார்கள், ஒரு மாதம் வராவிட்டால் வீட்டுக்கே ஆள் வருகிறது. அந்த அளவு விடாப்பிடி சர்க்கரை நோயாளியிடமும் காட்டப்பட்டால் என் குறைகள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: செவ்வாய் கர்ப்பிணிகளுக்கும் புதன் தடுப்பூசிக்கும் உரிய நாட்கள், கூட்டம் தாங்காது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வியாழன் அல்லது வெள்ளி போவது நல்லது. பழைய நோட்டையும், வெளியில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விடியற்காலையே டீ குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவராக இருந்தால், ஆய்வகத்துக்குப் போகும் முன்னரே மருத்துவரிடம் அதைச் சொல்லி, மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை எழுதித் தரும்படி கேளுங்கள். எங்கள் நிலையத்தில் கேட்டவர்களுக்கு மறுத்ததில்லை.